ரத்தத்துக்குக் கொடுத்த நம்பர், ஓட்டுக்கு அல்ல!

(கோரிமேட்டில் நடந்த இணையதள அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜிப்மர் வாசல்ல ஒரு டீக்கடைன்னு வெச்சுக்குங்க. தினமும் போறீங்க. கடைக்காரருக்கு உங்க முகம் தெரியும், பேர் தெரியாது. ஒருநாள் சில்லறை இல்லாம போன்ல காசு அனுப்புறீங்க. பேர் தெரிஞ்சு போச்சு! இத்தனை நாள் எத்தனை மணிக்கு வந்தீங்க, யாரோட வந்தீங்க, எல்லாம் அந்த நிமிஷமே அந்தப் பேரோட ஒட்டிக்குது.

இணையதளமும் இதைத்தான் செய்யுது. முதல் தடவை போகும்போது உங்க போன்ல 'குக்கீ'ன்னு ஓர் அடையாள எண்ணை வைக்குது. எந்தப் பக்கத்தைப் படிச்சீங்கன்னு அந்த எண்ணோட பேர்ல எழுதிக்குது. அப்புறம் ஒருநாள் அதே தளத்துல படிவம் நிரப்புறீங்க. இல்லன்னா உங்களுக்குன்னே தனிக்குறி வெச்சு அனுப்பின லிங்க்கை அழுத்துறீங்க. அவ்வளவுதான். பேர் இல்லாத அந்த எண், அவங்க கையில ஏற்கெனவே இருக்கிற பட்டியல்ல உங்க பேரோட பொருந்திடுது. பழைய கணக்கும் சேர்ந்து வந்துடுது.

கம்பெனிக்காரன் இதைச் செஞ்சா சோப்பு விப்பான். கட்சிக்காரன் செஞ்சா?

தூரமா போக வேண்டாம் தோழர்களே. 2021 ஏப்ரல் 6, நம்ம புதுச்சேரி சட்டமன்றத் தேர்தல். அதுக்கு முன்னாடி, பூத் வாரியான வாட்ஸ்அப் குழுவுல சேரச் சொல்லி மக்களுக்கு எஸ்.எம்.எஸ். வந்துச்சு. ஆதாரோட இணைச்ச நம்பருக்கு மட்டும்தான் வருதுன்னு சொல்லி, பா.ஜ.க. மேல குற்றச்சாட்டு வெச்சு, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தக் கட்சி மறுத்தது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரிச்ச நம்பர்னு சொன்னது. எங்ககிட்டேர்ந்து தகவல் கசியலைன்னு ஆதார் ஆணையமும் சொன்னது. ஆனாலும் தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு, இதை நம்பத்தகுந்த குற்றச்சாட்டாகவே பார்த்தது.

யார் சொன்னது சரின்னு தீர்ப்பு சொல்ல நான் இங்க வரலை. ஒரே ஒரு கேள்விதான். வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்க. பேர் இருக்கும், வயசு இருக்கும், வீட்டு எண் இருக்கும். செல்போன் நம்பர் இருக்காது! அப்போ நம்பரையும் பூத்தையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வெச்சது யாரோ ஒருத்தர்தானே? அதுக்கு உங்ககிட்ட அனுமதி கேட்டாங்களா?

இப்போ நம்ம வீட்டுக்குள்ள வருவோம். கேள்வி கேட்கிற நாம, நம்ம கையில இருக்கிற நோட்டையும் புரட்டிப் பார்க்கணும். விழுப்புரத்துலேர்ந்தும் கடலூர்லேர்ந்தும் ஜிப்மருக்கு வர்றவங்க, ரத்தம் கேட்டு நம்ம தம்பிங்ககிட்ட நம்பர் கொடுத்துட்டுப் போறாங்க. உள்ளே அம்மா ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கும்போது கொடுத்த நம்பர் அது. அதைத் தேர்தல் பட்டியலோட கோத்து விட்டா அது சாமர்த்தியம் இல்லை, துரோகம். ரத்தத்துக்குக் கொடுத்த நம்பர் ரத்தத்துக்கு மட்டும்தான்!

தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24-ல உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னாங்க. எந்த வேலைக்குச் சம்மதம் வாங்கினியோ அந்த வேலைக்கு மட்டும்தான் தகவல்னு சொல்லுது, 2023-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டத்தை மீறுறதுல சிலதுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகும். ஆனா அபராதத்துக்குப் பயந்து செய்யற விஷயமா இது? மக்கள் நம்ம மேல வெச்ச நம்பிக்கை இது.

அதனால நம்ம அணித் தோழர்களுக்கு மூணு வேண்டுகோள்:

👉 நம்பர் வாங்கும்போதே, எதுக்குன்னு சொல்லி வாங்குங்க.
👉 ஒரு வேலைக்கு வாங்கின பட்டியலை இன்னொரு பட்டியலோட சேர்க்காதீங்க.
👉 "என் நம்பரை எடுத்துடுங்க"ன்னு ஒருத்தர் சொன்னா, ஏன்னு கேட்காம அன்னைக்கே எடுத்துடுங்க.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். எந்தக் கட்சி லிங்க் அனுப்பினாலும், நம்ம கட்சியா இருந்தாலும் சரி, "என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"ன்னு கேளுங்க. பதில் சொல்ல முடியாதவனுக்கு ஓட்டுக் கேட்க என்ன தகுதி இருக்கு?

வீட்டுக் கதவைத் தட்டுவோம். பேர் சொல்லிப் பேசுவோம். நம்பரைக் கேட்டு வாங்குவோம். கொடுக்கலைன்னா வணக்கம் சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம்.



#என்_நம்பர்_என்_உரிமை #கோரிமேடு #புதுச்சேரி