கப்பலில் முதல் நாள்

என் தாயாரின் தந்தை நாகப்பட்டினத்தைச் சேர்ந்தவர். 1950-களில் பிழைப்பை நாடிப் பினாங்குக்குச் சென்றவர். 1926-ஆம் ஆண்டில் கட்டப்பெற்று, 1973 வரையில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்த 'ராஜுலா' என்னும் கப்பலில், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக் கடலைக் கடந்தவர். அவருக்குக் கப்பல் என்பது வயிற்றுக்காக ஏறிய வாகனம். அவருடைய பேரனாகிய நான் சென்ற டிசம்பர் மாதம் மனைவி, மகன், மகள், எழுபத்து நான்கு வயதுத் தாயார் ஆகியோருடன் ஒரு கப்பலில் ஏறினேன். எங்களுக்கு அக்கரையில் வேலை ஒன்றும் இல்லை. மும்பையிலிருந்து கோவா வரை சென்று, ஊரைப் பார்த்துவிட்டு, அதே கப்பலில் திரும்பி வருவதுதான் நோக்கம். பிரயாணத்துக்காகவே பிரயாணம்!

இதைக் கேட்டபோது என் தாயார், "காசைக் கொடுத்துத் தண்ணீரில் மிதப்பானேன், தம்பி?" என்று வினவினார். நியாயமான கேள்விதான். இந்த வழக்கம் தோன்றிய வரலாற்றில் அதற்கு ஒரு விடை உண்டு. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சென்ற பெரிய கப்பல்களுக்குக் குளிர்காலத்தில் பிரயாணிகள் குறைந்துவிடுவார்கள். கப்பல் சும்மா கிடந்தால் நஷ்டம். ஆகவே ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கப்பல் நிர்வாகி ஆல்பர்ட் பாலின் என்பவர், 1891 ஜனவரியில் 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பிரயாணமாக அனுப்பினார். பிற்பாடு, 1958-இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. ஓர் இடத்தை அடைவதற்காகக் கப்பலேறும் கூட்டம் விரைவில் குறைந்து போயிற்று. எஞ்சிய கப்பல்களிற் பல, பிரயாணத்தையே இன்பமாக விற்கத் தொடங்கின. ஆக, சும்மா இருக்க மாட்டாத கப்பலும், சில நாட்களாவது சும்மா இருக்க விரும்பும் மனிதனும் சந்தித்ததன் விளைவே இந்த உல்லாசக் கப்பல்.

நாங்கள் வசிப்பது நாக்பூரில். நான்கு திசையிலும் நிலம் சூழ்ந்த ஊர் அது. அங்கிருந்து இரவு ரயிலில் புறப்பட்டு, எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து, காலையில் மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்தில் இறங்கினோம். கப்பல் துறையான பாலார்டு பியர் அங்கிருந்து வெகு தூரம் இல்லை. இங்கிலாந்திலிருந்து தபாற் கப்பல் வந்து சேர்ந்த நாட்களில், ரயில் வண்டி கப்பலுக்கு அருகிலேயே வந்து காத்து நிற்கும். 1928-இல் தொடங்கிய பிராண்டியர் மெயில் அத்தகைய வண்டிகளில் ஒன்று. அந்தப் பெருமையெல்லாம் இன்று பழங்கதை. நாங்கள் வாடகை மோட்டாரில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

துறையில் பெட்டிகளை வாங்கி, அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி, தனியே அனுப்பிவிடுகிறார்கள். அவை நம்மோடு வருவதில்லை. மாலைக்குள் அறை வாயிலுக்கு வந்து சேரும். ஆகையால் மருந்து, கண்ணாடி, அடையாளச் சீட்டு, மாற்றுடை ஒன்று ஆகியவற்றைக் கைப்பையில் வைத்திருப்பது அவசியம். என் தாயாருடைய இரத்த அழுத்த மாத்திரைகள் பெரிய பெட்டிக்குள் போய்விட்டதை நாங்கள் பிற்பகலில்தான் உணர்ந்தோம். நான்கு மணி நேரம் கவலைப்பட்டோம். பெட்டி வந்து சேர்ந்தது. நாங்களும் ஒரு பாடம் கற்றோம்.

சோதனைகள் முடிந்து, ஏணிப்பாலத்தில் நடந்து உள்ளே சென்றவுடன் என் மகள், "கப்பல் எங்கே, அப்பா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழை இல்லை. கண்ணெதிரே தெரிந்தது பளிங்குத் தரையும், தொங்கு விளக்குகளும், வளைந்த படிக்கட்டும். கடல் கண்ணில் படவில்லை. தன்னைக் கப்பல் என்று காட்டிக்கொள்ளாதிருக்கவே இத்தகைய கப்பல் பெரிதும் முயல்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. மேல்தளத்தில் நீச்சற்குளம், ஒரு பக்கம் நாடகசாலை, மற்றொரு பக்கம் எந்நேரமும் உணவு. பதினான்கு வயது நிரம்பிய என் மகன் கால் மணி நேரத்தில் கண்ணுக்கு மறைந்தான்.

என் தாயார் மட்டும் வேறு ஒரு காரியம் செய்தார். எங்கள் அறை ஐந்தாம் தளத்தில் இருந்தது. அறைக் கதவிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள், படிக்கட்டில் எத்தனை படிகள் என்று கைத்தடியை ஊன்றியவாறு எண்ணிக்கொண்டு நடந்தார். காரணம் கேட்டேன். "கப்பலில் ஏறியதும் முதலில் படியை எண்ணு, பிறகு படுக்கையை விரி என்று என் அப்பா சொல்வார். இருட்டில் கண் உதவாது, எண்ணிக்கை உதவும்" என்றார். மேல்தளத்தில் பாயில் படுத்துச் சென்ற மனிதரின் எச்சரிக்கை, பளிங்குத் தரைக் கப்பலுக்கு எதற்கு என்று நான் மனத்திற்குள் நகைத்தேன்.

புறப்படுவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி நடைபெறும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அபாய அறிவிப்பாவது, ஏழு குறுகிய ஒலியும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும். அது கேட்டவுடன் ஒவ்வொருவரும் தமக்குக் குறிக்கப்பட்ட கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும். மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. படிக்கட்டில்தான் செல்ல வேண்டும். இரவு ரயிலில் உறக்கமின்றி வந்த களைப்பு எனக்கு. தாயாருக்கு முழங்கால் வலி. "அம்மா, நீங்கள் அறையிலேயே இருங்கள். இது வெறும் ஒத்திகைதான்" என்றேன். அவர் ஏற்கவில்லை. "அங்கே என் பெயர் எழுதியிருக்கிறதல்லவா? எண்ணும்போது நான் இல்லாவிட்டால் அவர்கள் யாரைத் தேடுவார்கள்?" என்று சொல்லி எழுந்தார். என் மனைவி ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கூடுமிடத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நின்றோம். ஓர் இளம் மாலுமி உயிர்காப்புச் சட்டையை அணியும் விதத்தைக் காட்டினார். அதில் ஒரு சிறு விளக்கும் ஊதுகுழலும் உண்டு. இருளில் காணப்படுவதற்கு ஒன்று, கேட்கப்படுவதற்கு மற்றொன்று. பின்னர் பெயர்களைச் சரிபார்த்தார்கள். ஒருவர் குறைந்தார். என் மகன்தான்!

நேயர்களே, அடுத்த பன்னிரண்டு நிமிடங்கள் எனக்கு மிக நீண்டவை. கைக்குழந்தையை ஏந்திய தாய்மாரும், நரைத்த தலையினரும் எங்கள் ஒருவனுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். இறுதியில் ஒரு பணியாள் அவனை உணவுக்கூடத்தின் ஒரு மூலையிலிருந்து அழைத்து வந்தார். காதில் பாட்டுக் கருவியை மாட்டியிருந்தமையால் ஒலி அவனுக்குக் கேட்கவில்லை. அதிகாரி கோபிக்கவில்லை. "இன்று நாம் காத்திருக்க முடிந்தது" என்று மட்டும் சொன்னார். நான் தலை குனிந்தேன். பையன் செய்த பிழையாக மட்டும் அதை என்னால் கருத முடியவில்லை. இது வெறும் ஒத்திகை என்று சற்று முன் சொன்னவன் நான்தானே?

இந்த அரை மணி நேரப் பயிற்சி, கப்பற்காரர்கள் தங்கள் விருப்பப்படி வகுத்த சடங்கு அன்று. உயிர்களை விலையாகக் கொடுத்து உலகம் பெற்ற பாடம். 1912 ஏப்ரலில் 'டைட்டானிக்' கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்குத்தான் இடம். அந்த இடங்களும் நிரம்பவில்லை. பல படகுகள் பாதி காலியாகவே இறக்கப்பட்டன. சுமார் 1,500 பேர் மாண்டனர். அதன் பயனாக 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. படகுகள் போதிய அளவு வந்தன; ஒத்திகைகளும் வந்தன. ஆயினும் புதிய பிரயாணிகள் ஏறிய 24 மணி நேரத்திற்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2012 ஜனவரி 13 அன்று இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. அன்று மாலை ஏறிய பல நூறு பேருக்கு ஒத்திகை மறுநாள்தான் நடப்பதாக இருந்தது. அந்த விபத்தில் 32 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று விதி திருத்தப்பட்டு, 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

மாலையில் கயிறுகளை அவிழ்த்தார்கள். இழுவைப் படகுகள் கப்பலை மெல்லத் திருப்பின. துறைமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் அறிந்த வழிகாட்டி ஒருவர் கப்பற்தலைவருக்கு அருகில் நின்று பாதை சொன்னார். கரைதான் எங்களை விட்டு நகர்வது போலத் தோன்றிற்று. இந்தியாவின் நுழைவாயில் எனப்படும் வளைவு சிறிதாயிற்று. 1924-இல் கட்டி முடிக்கப்பெற்ற அந்த வாயில் வழியாகவே, 1948 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் சேனையின் கடைசிப் பிரிவு வெளியேறிற்று. இதை நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சற்று நேரத்தில் வழிகாட்டி, கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய கயிற்றேணியில் இறங்கி, அலைமேல் ஆடிய சிறு படகில் தாவி ஏறிக் கரைக்குத் திரும்பினார். அதுவரை ஓட்டல் போலத் தோன்றிய கட்டடம், அந்தக் கணத்தில் எனக்குக் கப்பலாகத் தெரிந்தது.

அந்தத் துறைமுக வாயிலருகே நடந்த துயரம் ஒன்றும் என் நினைவுக்கு வந்தது. 1947 ஜூலை 17 அன்று, நாடு விடுதலை பெற ஒரு மாதமும் இல்லாத வேளையில், 'ராம்தாஸ்' என்ற சிறு நீராவிக் கப்பல் மும்பையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள ரேவஸ் என்ற ஊருக்குப் புறப்பட்டது. குறுகிய பிரயாணம்தான். மழைக்காலப் புயற்காற்றில் கப்பல் சாய்ந்து கவிழ்ந்தது. 600-க்கு மேற்பட்டவர்கள் இறந்தனர். அவர்கள் உல்லாசத்துக்காகச் சென்றவர்கள் அல்லர்; பலர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொங்கண மக்கள். கரை தெரியும் தூரத்திலும் கடல் கடல்தான் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

இரவில் கப்பல் சற்று அசைந்தது. நீருக்கடியில் இரு புறமும் மீனின் செட்டை போல நீளும் தகடுகள் ஆட்டத்தைப் பெரிதும் குறைக்கின்றன, முற்றிலும் நிறுத்திவிடுவதில்லை. என் மனைவிக்குத் தலை சுற்றிற்று. கண் அசையாத சுவரைக் காண, காதினுள் இருக்கும் சமநிலை உறுப்போ அசைவை உணர்கிறது. இவ்விரண்டின் முரண்பாடே கடல்மயக்கம். அறைக்குள் அடைந்து கிடப்பதை விட, கப்பலின் நடுப்பகுதியில், காற்றோட்டமான இடத்தில் நின்று தொலைவிலுள்ள விளக்கையோ அடிவானத்தையோ நோக்குவது நல்லது. அவ்வாறே செய்தோம். கொலாபாவின் தென்முனையில், 1875-இல் அமைக்கப்பட்ட பிராங்ஸ் கலங்கரை விளக்கின் ஒளி பின்னால் மின்னி மின்னி மறைந்தது.

அறைக்குத் திரும்பியபோது என் மகனைக் காணவில்லை. நெஞ்சு திடுக்கிட்டது. கதவைத் திறந்து பார்த்தேன். தாழ்வாரத்தில் அவன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தான். கண்களை இறுக மூடியிருந்தான். "பதினொன்று, பன்னிரண்டு... பாட்டி, இதுதானே நம் கதவு?" என்று கேட்டான். "இன்னும் ஒன்று" என்றார் அவர். அவன் மேலும் ஒரு கதவைத் தொட்டுக் கண் திறந்தான். எங்கள் அறைதான்.

மறுநாள் கோவாவில் கோயில்களையும் மாதா கோயில்களையும் பார்த்தோம். அவை நன்றாகவே இருந்தன. ஆனால் இந்தப் பிரயாணத்தில் எங்கள் குடும்பம் பெற்றது எது என்று கேட்டால், முதல் நாள் மாலை நின்ற அந்தப் பன்னிரண்டு நிமிடங்களையும், இரவில் எண்ணிய பதின்மூன்று கதவுகளையும்தான் சொல்வேன். உல்லாசமாகச் செல்லுங்கள், குடும்பத்தோடு செல்லுங்கள், முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். கப்பலில் ஏறியவுடன், உணவுக்கூடம் எங்கே என்று கேட்பதற்கு முன், கூடுமிடம் எங்கே என்று கேளுங்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், ஒருவர் குறையாமல் போய் நில்லுங்கள். பிறகு படுக்கையை விரிக்கலாம்.