மூச்சுப் பயிற்சியும் நம் வீட்டு முதியோரும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் ஆற்றிய உரை)

  

நோயாளிகளை நலம் விசாரிக்க நாம் பாபநாசம் தெருக்களில் செல்லும்போது, படுக்க இயலாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தபடியே இரவைக் கழிக்கும் முதியோரைக் காண்கிறோம். பீடியால் நோயுற்றவர் உண்டு. அரிசி ஆலைத் தூசியில் உழைத்தவர் உண்டு. பீடியைத் தொட்டே அறியாமல் காலமெல்லாம் விறகடுப்பின் முன் அமர்ந்த தாய்மாரும் உண்டு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவர்கள் கூறும் இதனால், 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் மரணித்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

ஒரு பெரியவருக்குச் செவிலியர் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்திருந்தார். வீடு திரும்பியதும் அவர் விட்டுவிட்டார். காரணம் கேட்டோம். "இது யோகாசனமாமே ஹஜ்ரத், நமக்குக் கூடுமா?" என்றார். இந்த ஐயம் வேறு சிலருக்கும் இருப்பதால்தான் இங்கே பேசுகிறோம். இதில் மந்திரமும் இல்லை, வணக்கமும் இல்லை, இது மருத்துவம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நமக்கு ஏவியவர்கள் நபி (ஸல்) அவர்கள்.

இந்நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதே கடினம். சிறு மூச்சுக்குழல்கள் சுருங்கி, பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை மெல்ல விட்டால், குழல்கள் சற்றுத் திறந்திருந்து அக்காற்று வெளியேறும். சேதமடைந்த நுரையீரல் இதனால் பழைய நிலைக்குத் திரும்பாது. மூச்சுத் திணறலும் அதனால் வரும் அச்சமும் குறையும்.

செவிலியர் அருகில் அமர்ந்து எண்ணுகிறார். தோள் உயர்கிறதா, வயிறு அசைகிறதா என்று கவனிக்கிறார். இன்ஹேலரை நோயாளி சரியாக இழுக்கிறாரா என்றும் பார்க்கிறார். ஆனால் அவர் எத்தனை நாள் வருவார்? பிறகு எண்ண வேண்டியவர்கள் மகனும் மருமகளும்தாம். அத்தாவுக்கு மாத்திரை வாங்கித் தந்துவிட்டோம் என்று கைப்பேசியில் மூழ்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

தொழுகையில் குனியும்போது மூச்சை வெளியே விட்டபடி குனிவது எளிது. அதுவும் இயலாதோர் அமர்ந்து சைகையால் தொழட்டும். மார்க்கம் தந்த சலுகையை ஏற்பதில் வெட்கம் எதற்கு? உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு முடிக்க முடியாமல் திணறினாலோ, பயிற்சி செய்துகொண்டு காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதோரின் இல்லத்திற்கே வந்து இயன்முறை சிகிச்சையும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் அளிக்கும் ஏற்பாடு உண்டு. அப்படி வருவோரிடம் இப்பயிற்சியைக் கற்றுத்தரக் கேளுங்கள். கேட்கத் தெரியாதோர், இன்ஷா அல்லாஹ், அஸர் தொழுகைக்குப் பின் மோதினாரிடம் பெயர் கொடுங்கள். சுகாதார நிலையத்திற்கு நாமே உடன் வருகிறோம்.

வஸ்ஸலாம்.