கரையில் விடப்பட்ட அமானிதம்



எல்லாப் புகழும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே! அவன் படைப்பில் சிந்திப்போருக்கு அத்தாட்சிகள் நிறைந்துள்ளன. இன்று இரண்டு தாய்களைக் குறித்துச் சிந்திப்போம்.

ஒன்று, நம் பாகூர் கொம்யூன் கடலோரத்திற்கு வரும் பங்குனி ஆமை. ஆண்டின் முதல் மாதங்களில் நரம்பை, மூர்த்திக்குப்பம் போன்ற கரைகளில் இரவில் ஏறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ 100 முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளின் முகத்தை அது காண்பதேயில்லை. 45 முதல் 60 நாட்களில், இறைநாட்டப்படி, மணலின் வெப்பமே அவற்றைப் பொரிக்கச் செய்கிறது.

மற்றொன்று, வட அமெரிக்காவின் ஒபோசம். பூனையளவான இந்தப் பிராணிக்கு வயிற்றில் பை உண்டு. கருக்காலம் 12 அல்லது 13 நாட்களே. தேனீயளவில் பிறக்கும் குட்டி, கண் திறவாமலே ஊர்ந்து தாயின் பையை அடைந்து, பால்காம்பைப் பற்றியபடி ஏறத்தாழ இரண்டு மாதம் வளர்கிறது. பின்னர் தாயின் முதுகில் ஏறிச் செல்கிறது.

ஒருத்தி சுமந்தாள், மற்றவள் கைவிட்டாள் என்று தீர்ப்பளித்துவிடாதீர்கள்! அலை எட்டாத இடம் தேடியவளும், முட்டைக்குள் உணவை வைத்தவளும், மணலை மூடி இறுக்கியவளும் அந்த ஆமைதான். எனினும் ஒபோசம் குட்டிக்குத் தாயே காவல். ஆமைக் குஞ்சுக்கோ கரையில் இருப்பவரே காவல். கடற்பக்க வெளிச்சத்தை நாடும் குஞ்சு, நம் வீட்டு விளக்கைக் கண்டு வழிதவறி மடிகிறது. மூச்சுவிட மேலே வரவேண்டிய தாய் ஆமைகளோ இழுவலையில் சிக்கி மடிகின்றன. 2025 சனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின.

அன்புச் சகோதரர்களே! பிழைப்புக்காக வளைகுடா சென்ற தந்தையும் பிள்ளையைக் கைவிட்டவர் அல்லர். தேவையானதைச் சேர்த்து அனுப்புபவர். தந்தையை இழந்த யதீம் பிள்ளைகளும் நம் தெருவில் உண்டு. அவர்கள் பள்ளிக்குச் சென்றார்களா, யாருடன் பழகுகிறார்கள் என்று கேட்க மாமன், பெரியப்பா, அண்டைவீட்டார், ஜமாஅத்தார் ஆகிய நாமே கரை. தவறான வெளிச்சம் அவர்களை இழுக்கும்போது நாம் வாளாவிருக்கலாமா?

ஆகவே, கடலோரத்தில் வாழ்வோர் முட்டையிடும் பருவத்தில் கடல் நோக்கிய விளக்குகளை அணைப்போம். முட்டைகளைத் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவிப்போம். 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றைக் காக்கிறது. இன்று வீடு திரும்புமுன், தந்தை அருகில் இல்லாத ஒரு பிள்ளையையேனும் நலம் விசாரிப்போம்.

நம்மிடம் விடப்பட்ட அமானிதங்களைப் பேணும் நல்லோராக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.