வயலுக்கு மேல கொஞ்சம் தண்ணி

கொரியன் டிராமா பார்த்தே ஹங்குல் எழுத்தைப் படிக்கக் கத்துக்கிட்டவங்க உங்கள்ல சில பேர் இருப்பீங்க. இன்னைக்கு அதுக்கும் முன்னாடி போறோம். ஹங்குல் உருவானது 1443-ல. அதுவரைக்கும் கொரியாவுல சீன எழுத்தை வச்சுத்தான் எழுதினாங்க. கடன் வாங்கின எழுத்துல, உங்க ஊருக்கு முக்கியமான ஒரு விஷயத்துக்குத் தனி எழுத்து இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?

சீன எழுத்துல வயல்னா ஒரு சதுரம், உள்ளே ஒரு கூட்டல் குறி. வரப்பு பிரிச்ச நிலத்தை மேலேருந்து பார்க்கிற மாதிரி. நன்செய், புன்செய் ரெண்டுக்கும் அதே எழுத்துதான். ஆனா விவசாயிக்கு ரெண்டும் ஒண்ணா? தண்ணி நிக்கிற நிலத்துல நெல், நிக்காத நிலத்துல தினையும் பயறும். நான் சாஃப்ட்வேர் ஆளு. எனக்கு இது ஒரே ஃபீல்டுல ரெண்டு வகை டேட்டாவைப் போட்டு வச்ச மாதிரி இருக்கு.

சீனாவுல "தண்ணீர் வயல்"னு ரெண்டு எழுத்தா எழுதிப் பிரிச்சுக் காட்டினாங்க. அப்போ எழுதுறது மேலேருந்து கீழே. கொரியாவுல மேல இருந்த தண்ணீரையும் கீழ இருந்த வயலையும் ஒட்டி ஒரே எழுத்தாக்கிட்டாங்க. உச்சரிப்பு "தாப்", அர்த்தம் நெல் வயல். சில்லா அரசர் ஜின்ஹங் காலத்துல, 561-ல சாங்ன்யோங்கில் நிறுத்தின கல்வெட்டிலேயே இது இருக்கு. பழைய சதுர எழுத்து "ஜொன்", கொரியாவுல புன்செய்க்கு மட்டும்னு ஆயிடுச்சு.

ஜப்பான்ல அப்படியே தலைகீழ். அங்கே சதுரம்தான் நெல் வயல். புன்செய்க்குப் பக்கத்துல "தீ" சேர்த்துப் புது எழுத்து செஞ்சாங்க. ஒரே குழப்பம், ரெண்டு நாடு, ரெண்டு முனையிலிருந்து தீர்வு.

இன்னைக்குத் தென் கொரிய நிலப் பதிவேட்டுல 28 வகை நிலம் உண்டு. முதல் ரெண்டும் ஜொன், தாப். ஆனா ஹங்குல்லதான் எழுதுறாங்க. ஹங்குல் ஒலியை மட்டும்தானே காட்டும்? அதுல "தாப்"னு எழுதினா "பதில்"னும் அர்த்தம் வரும். தாத்தா நிலத்தோட பேப்பரைப் பார்க்கிற சியோல் பையனுக்கு அந்தத் தண்ணி தெரியாது, வயலும் தெரியாது. எழுதுறது சுலபமாச்சு, ஆனா எழுத்துக்குள்ள இருந்த படம் போயிடுச்சு.

இருந்தாலும் பேச்சுல அது வாழுது. மழையை மட்டும் நம்பி இருக்கிற நெல் வயலுக்குக் கொரியன்ல "சொன்சுதாப்"னு பேரு. பிரிச்சா வானம், தண்ணீர், நெல் வயல். வானம் பார்த்த பூமின்னு நாம சொல்றோமே, அதேதான்.