கணக்கு யார் மீது?

(ஊழியர் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அமெரிக்காவில் போலீசார் தெருவிலும் சாலையிலும் மறித்து நிறுத்தும் ஒவ்வொரு சம்பவத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டம் வந்திருக்கிறது. அந்தப் பதிவுக்கான கம்ப்யூட்டர் மென்பொருளை வாங்குவதற்கு மானியம் வேண்டும் என்று போலீஸ் இலாகாக்கள் கேட்கின்றன. "போலீசுக்குப் பணம் தரும் காரியத்தை நாம் ஆதரிப்பதா?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விவரங்களை வைத்தே பதில் காண்போம்.

நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அந்நகரப் போலீசார் 44 லட்சம் தடவை மக்களைத் தெருவில் மறித்தனர். மறிக்கப்பட்டவர்களில் 83 சதவீதம் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் ஆவர். 100 மறிப்புகளில் 88இல் கைதும் இல்லை, அபராதச் சீட்டும் இல்லை. உடலைத் தடவிச் சோதித்த தருணங்களில் 98.5 சதவீதத்தில் ஆயுதம் எதுவும் அகப்படவில்லை. வேலைக்குப் போன தொழிலாளியும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பையனும் சுவரில் கை ஊன்றி நின்றதுதான் மிச்சம்!

இந்த விவரம் எங்கிருந்து கிடைத்தது? போலீசார் தாங்களே நிரப்பிய பாரங்களிலிருந்து! அந்தக் கணக்கை வெளியே கொண்டுவருவதற்கே சிவில் உரிமைச் சங்கத்தினர் கோர்ட் ஏறி, 2008இல் உத்தரவு பெற வேண்டியிருந்தது. 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷிரா ஷைன்ட்லின், நகரப் போலீசாரின் இந்த நடைமுறை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தபோது, அவருக்குப் பெரும் சாட்சியமாக நின்றவை அந்தப் பாரங்களே.

ஆனால் இதே கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. எந்தக் குற்றமும் சாட்டப்படாத லட்சக்கணக்கானவர்களின் பெயரையும் விலாசத்தையும் போலீசார் அதே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தனர். 2010இல் மாநிலச் சட்டம் ஒன்று குறுக்கிட்டுத்தான் அதைத் தடுத்தது. ஒரே யந்திரம், ஒரே பதிவு. அது போலீசை எண்ணினால் மக்களின் கையில் ஆயுதம். மக்களை எண்ணினால் போலீசின் கையில் ஆயுதம். நாம் பார்க்க வேண்டிய விஷயம் இதுதான்.

கலிபோர்னியா மாநிலம் 2015இல் ஒரு சட்டம் செய்தது. 2018 ஜூலை முதல் பெரிய இலாகாக்களும், 2022 ஜனவரிக்குள் சிறிய இலாகாக்களும் கணக்கு எழுதத் தொடங்கின. எப்பொழுது மறித்தார், எங்கே, என்ன காரணம், சோதனை செய்தாரா, என்ன அகப்பட்டது, முடிவு என்ன என்று ஒவ்வொன்றையும் அதிகாரி எழுத வேண்டும். மறிக்கப்பட்டவரின் பெயரையும் விலாசத்தையும் அனுப்பக் கூடாது. 2022இல் மட்டும் 45 லட்சத்துக்கு மேற்பட்ட மறிப்புகள் பதிவாயின. கறுப்பின மக்கள் தங்கள் ஜனத்தொகை விகிதத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல் மறிக்கப்பட்டது அம்பலமாயிற்று.

இனி மானியத்துக்கு வருவோம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாகன ஓட்டிகளின் இன விவரத்தைச் சேகரிக்கும் மாநிலங்களுக்கு மத்திய சர்க்கார் பணம் தருகிறது. அந்தப் புள்ளிவிவரத்தைப் பொதுமக்கள் பார்வையிட அனுமதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனை! ஆனால் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்க வேண்டாமா? கலிபோர்னியாவில் மாநில நீதி இலாகாவே ஒரு பதிவுச் சாதனத்தைத் தயாரித்து எல்லா ஊர் போலீசுக்கும் திறந்து வைத்திருக்கிறது. அப்படியிருக்க, ஒவ்வொரு ஊரும் தனியார் கம்பெனியிடம் தனித்தனியாக மென்பொருள் வாங்குவானேன்? மானியம் சில ஆண்டுகளில் தீரும். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய வாடகையோ ஆண்டுதோறும் வரும்.

எழுதுகிறவர் யார், சரிபார்க்கிறவர் யார் என்பதும் முக்கியம். கனெக்டிகட் மாநிலத்தில் போலீசார் எழுதிய அபராதச் சீட்டுக் கணக்கை வெளியார் தணிக்கை செய்தனர். சுமார் 26,000 பதிவுகள் பொய்யாக இருக்கலாம் என்று 2023இல் அறிக்கை வந்தது. பெரும்பாலும் தவறுதானே தவிர மோசடி அல்ல என்று 2024இல் மற்றொரு விசாரணை கூறியது. எதுவானாலும் என்ன? தணிக்கை இல்லாவிட்டால் இரண்டுமே வெளியே வந்திராது!

ஆகவே, தோழர்களே, நாம் மானியத்தைக் கண்மூடி எதிர்க்கவும் இல்லை, கண்மூடி வரவேற்கவும் இல்லை. நாம் கூறுவது இது: மென்பொருள் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். மறிக்கப்பட்டவரின் பெயர் அதில் இருக்கக் கூடாது. கணக்கு முழுவதும் பிரசுரமாக வேண்டும். தணிக்கை போலீசுக்கு வெளியே இருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் அந்தப் பணம் மக்களுக்குச் செலவான பணம். இல்லையேல் அது போலீசுக்குக் கொடுத்த இன்னொரு லத்தி.

கடைசியாக ஒன்று. கணக்கு மட்டும் ஒரு மறிப்பையும் நிறுத்திவிடாது. 2012 ஜூன் 17இல் ஆயிரக்கணக்கான மக்கள் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் மௌனமாக அணிவகுத்தார்கள். மருத்துவமனைத் தொழிலாளர் சங்கமும் அதில் நின்றது. கோர்ட்டில் வழக்கு, தெருவில் ஊர்வலம், தேர்தலில் வாக்கு எல்லாம் சேர்ந்தன. 2011இல் 6,85,724 ஆக இருந்த மறிப்புகள் 2014இல் 45,787 ஆகக் குறைந்தன. குற்றங்கள் பெருகிவிடும் என்று பயமுறுத்தியவர்களின் ஜோசியம் பலிக்கவில்லை.

புள்ளிவிவரம் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதற்கு ஸ்தாபன ரீதியாகத் திரண்ட மக்கள் வேண்டும்.