நாற்பது நிமிடம்

(ஆதரவாளர்கள் நன்றியறிதல் கூடுகையில், மருத்துவமனை ஊழியர்கள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



வருஷந்தோறும் இந்தக் கூடுகையில் அறிக்கை வாசிப்போம். இம்முறை அது அச்சாகி உங்கள் கையிலேயே இருப்பதால், வேறொரு காரியத்தைச் சொல்ல அனுமதி கேட்கிறோம். அது அமெரிக்காவில் நடக்கும் ஒரு வேலையைப் பற்றியது. எங்கள் தவறு ஒன்றைப் பற்றியதும்கூட.

2003-ஆம் ஆண்டு அக்டோபரில், நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறு ஒலிப்பதிவு அறை திறக்கப்பட்டது. தொடங்கியவர் வானொலித் தயாரிப்பாளர் டேவ் ஐசே. சாதாரண ஜனங்களின் பேச்சைப் பதிவு செய்வதிலேயே ஆயுளைச் செலவிட்ட எழுத்தாளர் ஸ்டட்ஸ் டெர்கல் தமது 91-ஆம் வயதில் வந்து அதைத் திறந்து வைத்தார். 'ஸ்டோரிகார்ப்ஸ்' என்று அதற்குப் பெயர்.

முறை மிகவும் எளிது. ஒருவரையொருவர் அறிந்த இருவர் வருவார்கள். தாயும் மகளும், கணவனும் மனைவியும், பழைய சிநேகிதர் இருவர். ஒருவர் கேட்க, மற்றவர் சொல்வார். நாற்பது நிமிடம். உதவிக்கு ஓர் ஊழியர் மூலையில் இருப்பார். முடிந்ததும் பதிவின் பிரதி அவர்கள் கையில் கொடுக்கப்படும். அவர்கள் சம்மதித்தால் இன்னொரு பிரதி வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படும். ஜனாதிபதிகளின் கடிதங்கள் இருக்கும் அதே நூலகத்தில் பஸ் ஓட்டுநரின் குரலும் சமையற்காரியின் குரலும் இருக்கின்றன. இதுவரை பேசியவர்கள் ஐந்து லட்சத்துக்கும் அதிகம்.

இது அந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1930-களின் பஞ்சகாலத்தில் அமெரிக்க அரசு வேலையற்ற எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து, ஜனங்களின் கதைகளை எழுதி வர அனுப்பியது. அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற முதியவர்கள் 2,000 பேருக்கு மேல் அன்று சொன்னதை இன்றும் வாசிக்கலாம். ஐசே அந்த வழியில்தான் நடந்தார்.

இரண்டு கதைகளை மட்டும் சொல்கிறோம். முதலாவது, 2008-இல் வானொலியில் வந்தது. நியூயார்க்கில் ஒரு சமூகப் பணியாளர் வேலை முடிந்து சுரங்க ரயிலைவிட்டு இறங்கினார். ஒரு பையன் கத்தியைக் காட்டிப் பணப்பையைப் பறித்தான். இவரோ, இரவெல்லாம் நீ இப்படித் திரிவதானால் குளிருமே என்று தம் மேலங்கியையும் கழற்றிக் கொடுத்து, சாப்பிட வா என்று தாம் வழக்கமாகப் போகும் உணவகத்துக்கு அழைத்துப் போனார். பாத்திரம் கழுவுகிறவரோடும் அவர் அன்பாய்ப் பேசுவதைக் கண்ட பையன், மனிதர் நிஜமாகவே இப்படி நடப்பார்களா என்று வியந்தான். கடைசியில் பணப்பை திரும்பி வந்தது. அவர் இருபது டாலரைக் கொடுத்து, பதிலுக்கு அந்தக் கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது, மினியாபொலிஸ் நகரத்துத் தாய் ஒருவருடையது. 1993-இல் அவருடைய ஒரே மகனை ஒரு வாலிபன் சுட்டுக் கொன்றான். பன்னிரண்டு வருஷம் அந்தப் பகையைச் சுமந்தபின், சிறைக்குப் போய் அவனைக் கண்டார். கட்டித் தழுவினார். விடுதலையான பிறகு அவன் அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய பதிவு 2011-இல் ஒலிபரப்பானது. இதைக் கேட்டபோது எங்கள் தாதியர் பலர் வெகுநேரம் பேசவில்லை. மன்னிப்பைப் பற்றி நாங்கள் வார்டுகளில் எவ்வளவு சுலபமாய்ப் பிரசங்கித்துவிடுகிறோம்!

ஆனால் எங்களை அதிகமாய்க் குத்தியது கதைகளல்ல, அந்த முறைமை. யாருடைய கதையோ, அது அவருக்கே சொந்தம். வெளியிடலாமா என்று அவரிடமே கேட்கிறார்கள்.

நாங்கள் அப்படிச் செய்யவில்லை. காசநோயிலிருந்து சுகம் பெற்ற ஒரு தாயாரின் சாட்சியை, படத்தோடும் ஊர்ப்பெயரோடும் இந்தப் பத்திரிகையில் போட்டோம். நல்லெண்ணத்தோடுதான். அதை வாசித்து உங்களில் பலர் மனமுவந்து காணிக்கை அனுப்பினீர்கள். சில மாதம் கழித்து அந்த அம்மாள் வந்தார். மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோயிருந்தது. அவர் கோபப்படவில்லை. "சுகமானதுக்கு ஆண்டவருக்குத்தான் நன்றி சொன்னேன், ஐயா. ஊருக்குச் சொல்லுங்கன்னா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அன்றுமுதல் கேட்காமல் எதையும் அச்சிடுவதில்லை. எழுதியதை நோயாளிக்கு வாசித்துக் காட்டுகிறோம். பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள். சாட்சிகள் ஏன் குறைந்துவிட்டன என்று சிலர் கடிதம் எழுதியிருந்தீர்கள்; காரணம் இதுதான். காணிக்கையும் சற்றுக் குறைந்திருக்கிறது, மறைப்பானேன்.

வேறொன்றும் தொடங்கியிருக்கிறோம். ஸ்டோரிகார்ப்ஸ் ஊழியர்கள் கடும் நோயாளிகளிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் போவதுண்டு. அதைப் பார்த்து, நாங்களும் வார்டில் விருப்பமுள்ளவர்களை அவரவர் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறோம். பதிவு செய்ய அவர்களுடைய கைப்பேசியே போதும். புற்றுநோயோடிருந்த ஒரு தகப்பனாரும், ஆறு வருஷமாய் அவரோடு பேசாதிருந்த மகனும் இப்படி உட்கார்ந்தார்கள். நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே என்ன பேசினார்களோ, எங்களுக்குத் தெரியாது. மகன் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அன்று அவர்கள் பேசியது வராந்தாவின் கோடியில், தள்ளுவண்டிச் சத்தத்துக்கு நடுவே. எக்ஸ்ரே அறைக்கு அடுத்த பழைய சாமான் அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம். கதவு மட்டும் இன்னும் போடவில்லை.