ஆறு ஆதாரமும் நம்ம இடுப்பு வலியும்

(பழவேற்காடு பகுதி மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் யோகாசனப் பயிற்றுநர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"ஆசனம் செஞ்சா உடம்புல இருக்கிற சக்கரமெல்லாம் சரியாகுமாமே, அப்படின்னா என்ன?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். அதற்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன்.

சக்கரத்தைத் தமிழில் ஆதாரம் என்பார்கள். திருமூலரின் திருமந்திரத்திலேயே இந்தப் பேச்சு உண்டு. அதன் மூன்றாம் தந்திரம் யோகத்தைப் பற்றிச் சொல்கிறது. ஆதாரங்கள் ஆறு. முதுகுத்தண்டின் அடியில் மூலாதாரம், அதற்கு மேலே அடிவயிற்றில் சுவாதிட்டானம், தொப்புளில் மணிபூரகம், நெஞ்சில் அனாகதம், தொண்டையில் விசுத்தி, புருவ மத்தியில் ஆக்கினை. தியானம் செய்பவர்கள் மனதை நிறுத்திப் பழகுவதற்காகப் பெரியவர்கள் குறித்துக் கொடுத்த இடங்கள் இவை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்கேன் எடுத்தாலும் ஆபரேஷன் செய்து பார்த்தாலும் சக்கரம் என்ற உறுப்பு தெரியாது. இந்தச் சக்கரத்துக்கு இந்த ஆசனம் என்று பட்டியல் போடுவதும் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் வந்த பழக்கம்தான்.

அப்போ பிரயோஜனம் இல்லையா? இருக்கு! இந்த ஆறு இடத்தையும் நினைத்துப் பாருங்கள். நமக்கு வேலையால் நோகிற இடங்களும் இவைதானே? பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரித் தண்ணீரில் தவழ்ந்து கையால் இறால் பிடிக்கிற சகோதரிகளுக்கு இடுப்பும் முழங்காலும் போகிறது. மீன் கூடை சுமப்பவர்களுக்குக் கழுத்து வலி. ஜமீலாபாத்தில் குனிந்தே பனையோலை பின்னுபவர்களுக்கு முதுகு வலி. அந்தந்த இடத்துக்கு ஆசனம் இருக்கிறது.

மூலாதாரம்: வெளியே சொல்லாத கஷ்டம்

இதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். தும்மினால், இருமினால், கூடையைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. எத்தனை பேருக்கு இருக்கிறது என்று நான் கை தூக்கச் சொல்ல மாட்டேன். பிரசவத்தில் அடித்தசை தளர்ந்துவிடுகிறது. பளு தூக்குவதும் நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் அதை இன்னும் மோசமாக்கும். வெட்கப்பட்டு, பஸ்சில் போகிறோமே என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் பொன்னேரி சந்தைக்குப் போகிறவர்கள் உண்டு. இது விதி இல்லை, சகோதரிகளே. இதற்குப் பயிற்சி இருக்கிறது.

யோகத்தில் இதை மூலபந்தம் என்பார்கள். அமெரிக்காவில் கெகல் என்ற டாக்டர் இதே மாதிரித் தசைப் பயிற்சியை 1948-ல் எழுதி வைத்தார். இன்று உலகெங்கும் டாக்டர்கள் இந்தக் கஷ்டத்துக்கு முதலில் சொல்வது இந்தப் பயிற்சியைத்தான்.

செய்முறை சுலபம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்காருங்கள், அல்லது படுத்துக்கொள்ளுங்கள். காற்றையும் சிறுநீரையும் அடக்குவது போல அடித்தசையை உள்ளே இழுங்கள். 5 எண்ணும்வரை பிடித்து, 5 எண்ணும்வரை விடுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டாம். ஒரு வேளைக்கு 10 முறை, நாளைக்கு 3 வேளை செய்யுங்கள். அடுப்படியில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஒரு வாரம் செய்துவிட்டு, "ஒண்ணும் ஆகலையே" என்று விட்டுவிடாதீர்கள். 3 மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்.

மற்ற இடங்களுக்கு

அடிவயிறு, இடுப்பு: பட்டாம்பூச்சி ஆசனம். உட்கார்ந்து, இரண்டு உள்ளங்காலையும் சேர்த்து வையுங்கள். முழங்கால் நோகிறவர்கள் அதன் கீழே சேலையை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

தொப்புள், நெஞ்சு: புஜங்காசனம். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, பாம்பு படம் எடுப்பது போல நெஞ்சை மட்டும் மெல்லத் தூக்குங்கள். நாள் முழுக்கக் குனிந்த முதுகுக்கு இது நல்ல மாற்று.

தொண்டை, கழுத்து: கூடையை இறக்கியதும் தோளை முன்னும் பின்னும் சுழற்றுங்கள். தலையை இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். வேகம் வேண்டாம்.

புருவ மத்தி: கடைசியில் சவாசனம். மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, 5 நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். வீட்டுக் கவலை, கடன் கவலை எல்லாம் கொஞ்ச நேரம் வெளியே நிற்கட்டும்.

கவனம்

கர்ப்பிணிகள் குப்புறப் படுக்கும் ஆசனம் செய்யக் கூடாது. ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பப்பை இறங்கியவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனம் வேண்டவே வேண்டாம். சிறுநீரில் எரிச்சலோ ரத்தமோ வந்தாலும், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். "சக்கரம் அடைச்சிருக்கு, அதான்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எதையும் ஆசனத்தை நம்பி நிறுத்தக் கூடாது.

பணம் வாங்கிக்கொண்டு சக்கரத்தைத் திறந்துவிடுகிறேன் என்று வருபவர்களும் இருப்பார்கள். அதற்காகக் குழுவில் உள்கடன் கேட்டால் ஊக்குநர்கள் எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பணம் பிள்ளைகள் படிப்புக்கு ஆகும்.

"இது சாமி கும்பிடுற விஷயமா?" என்றும் கேட்கிறார்கள். நான் சொன்னதில் மந்திரம் எதுவும் இல்லை. மகிமை மாதா கோயிலுக்குப் போகிறவரும் செய்யலாம், தொழுகை செய்பவரும் செய்யலாம். ஐக்கிய நாடுகள் சபை 2014-ல் தீர்மானம் போட்டு, 2015 முதல் ஜூன் 21-ஐ உலக யோகா தினமாக எத்தனையோ நாடுகள் கொண்டாடுகின்றன.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் செய்தால் நமக்குப் போதாது. ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு வசூலுக்கு முன்னால் 10 நிமிடம் ஒதுக்குங்கள், எல்லோரும் சேர்ந்து செய்யலாம். வெட்கப்பட்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் சகோதரிக்கு மூலபந்தத்தைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிக் கொடுங்கள். சேமிப்பு மாதிரிதான் இதுவும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால்தான் வேண்டியபோது கைகொடுக்கும்.